ஊர்ப் பணத்துக்கு இரண்டு கையெழுத்து ஏன்?

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலை கணக்குப் பதிவேடுகளைப் பற்றிய வகுப்பு முடிந்து யாவரும் தேநீருக்குக் கலைந்த வேளையில், பெரியவர் ஒருவர் நம்மை அணுகி ஒரு வினா எழுப்பினார். "என் சொந்தப் பணத்தைப் பாங்கியிலிருந்து எடுக்க என் ஒரு கையெழுத்துப் போதும். ஊர்ப் பணத்தை எடுக்க மட்டும் தலைவர் கையெழுத்தும் வேண்டும், துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும் என்கிறீர்கள். ஊர் மக்கள் நம்பித்தானே எங்களுக்கு வாக்களித்தார்கள்? மக்கள் நம்பியவனைச் சட்டம் ஏன் நம்பவில்லை?" என்பது அவர் கேள்வி. கேள்வியில் சிறிது மனத்தாங்கல் தொனித்தது. ஆயினும் நியாயமான கேள்வி. அரசியல் சட்டம் ஆட்சியாளரின் அதிகாரத்துக்கு எவ்வாறு எல்லை வகுத்திருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்திருக்கிறார்கள். எழுதிக்கொண்டு வந்த முன்னுரையை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்தப் பெரியவர் நின்ற இடத்திலிருந்தே தொடங்குகிறோம். அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் முன்னும் இதே கேள்விதான் நின்றது. மக்களே தேர்ந்தெடுத்த அரசாங்கத்துக்கு மூக்கணாங்கயிறு எதற்கு?

முதலில் செக்கு விஷயத்தைப் பார்ப்போம். ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கூறுகிறது. இருவரில் ஒருவர் ஊரில் இல்லையெனில், மன்றம் தீர்மானம் போட்டு அதிகாரமளித்த வேறோர் உறுப்பினர் அவருக்குப் பதிலாகக் கையொப்பமிடலாம். அப்போதும் கையொப்பம் இரண்டுதான். இன்று பணத்தின் பெரும்பகுதி கணினி வழியாகவே செல்கிறது என்பதை நாம் அறிவோம். எழுதுகோலுக்குப் பதில் வேறு சாதனம் வந்திருக்கிறதேயன்றி, விதியின் உட்பொருள் மாறிவிடவில்லை.

அந்த உட்பொருள் சந்தேகமன்று. தலைவர் திருடுவார் என்று எண்ணிச் சட்டம் இரண்டாவது கையெழுத்தைக் கேட்கவில்லை. அப்படி எண்ணியிருந்தால் துணைத் தலைவரும் சேர்ந்து திருடுவார் என்றல்லவா எண்ணியிருக்க வேண்டும்? மூன்று கையெழுத்து, முப்பது கையெழுத்து என்று அது முடிவில்லாமற் போகும். ஒரு செலவை இருவர் தனித்தனியே பார்த்தால், ஒருவர் கண்ணுக்குத் தப்பியது மற்றவர் கண்ணிற்படும் என்பதே கருத்து. அவசரத்தில் இருப்பவனுக்குத் தன் அவசரம் தெரிவதில்லை. அடுத்தவன் கேட்டால்தான் தெரிகிறது.

ஏரிப் பாசனமுள்ள ஊர்க்காரர்களுக்கு இது புதிதன்று. கரை நீரைத் தாங்குகிறது. மதகு வேண்டிய அளவு நீரை வயலுக்கு விடுகிறது. கலிங்கல் மிகுதியான நீரை வெளியேற்றுகிறது. கலிங்கலைப் பார்த்து, "கரையின்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று யாரும் கேட்பதில்லை. கரை வலுவானது என்பதற்காகவே அதன்மேல் அளவு கடந்த பாரம் ஏறாமல் பார்த்துக்கொள்கிறோம். கோடையில் கலிங்கல் வெறும் கல்வரிசையாகத் தோன்றும். அதை அடைத்துவிட்டால் இன்னும் ஒரு முழம் நீர் தேக்கலாமே என்று ஆசைப்படும் ஊர்களும் உண்டு. ஐப்பசியில் ஓர் இரவு பெருமழை பெய்யும்போது அந்த ஆசையின் விலை தெரிந்துவிடும்.

அரசாங்கத்திலும் இவ்வாறே அதிகாரத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சட்டம் செய்வது பார்லிமெண்டும் சட்டசபைகளும். அதை நிறைவேற்றுவது மந்திரிசபையும் அதன்கீழுள்ள அதிகாரிகளும். வழக்கு வந்தால் தீர்ப்பது கோர்ட்டுகள். பள்ளிப் புத்தகத்தில் இத்தனையும் மூன்று வரியில் முடிந்துவிடும். ஆனால் நம் நாட்டில் மந்திரிகள் சட்டசபையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். பெரும்பான்மை உறுப்பினர்கள் அவர்கள் கட்சியினரே. ஆகவே நிர்வாகத்துக்கும் சட்டசபைக்கும் இடையில் உள்ள வேலி அமெரிக்காவில் இருப்பதுபோல் உயரமானதன்று. நம் அரசியல் சட்டம் வேலியைக் காட்டிலும் பூட்டையே அதிகம் நம்பியிருக்கிறது என்று சொல்லலாம். ஒவ்வொரு முக்கியமான பெட்டிக்கும் இரண்டு சாவி. இரண்டும் வெவ்வேறு கையில்.

முதற்பெட்டி பணப்பெட்டி. சட்டத்தின் ஆதாரமில்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது 265ஆம் ஷரத்து. வசூலான பணத்தையும் மந்திரிசபை தன் விருப்பப்படி எடுத்துவிட முடியாது. ஒவ்வோராண்டும் சட்டசபையில் வரவு செலவுத் திட்டத்தை வைத்து, மானியக் கோரிக்கைகளுக்கு வாக்குப் பெற்று, நிதி ஒதுக்கச் சட்டம் நிறைவேறிய பின்னரே கஜானா திறக்கும். செலவழித்த பின்பு கணக்குப் பார்ப்பவரோ அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டவரல்லர். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதியை நீக்குவதற்குரிய முறையிலன்றி நீக்க முடியாது. பதவி முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ வேறு உத்தியோகமும் அவர் ஏற்க முடியாது. நாளை கிடைக்கக்கூடிய உத்தியோகத்தை எண்ணி இன்றைய கணக்கில் கண்ணை மூடிக்கொள்ளலாகாது என்பதற்காகவே இந்தத் தடை. அவருடைய அறிக்கையை ஆராயும் மக்களவைப் பொதுக் கணக்குக் குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரைத் தலைவராக்குவது 1967 முதல் மரபாக இருந்து வருகிறது. செலவு செய்தவர் கையிலேயே கணக்குப் புத்தகத்தையும் கொடுத்துவிடாதீர்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். உத்தரமேரூர்க் கல்வெட்டை அறிந்தவர்களுக்கு இது வியப்பளிக்காது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட அக்கல்வெட்டுகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும் அவனைச் சேர்ந்த உறவினரும் குடவோலைக்கு உரியரல்லர் என்ற விதி காணப்படுகிறது. அந்த விதி சற்றுக் கடுமையானதுதான். மாமன் கணக்குக் காட்டாததற்கு மருமகன் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று இன்று ஒரு வக்கீல் வாதாடினால் வென்றுவிடுவார்!

இரண்டாவது பெட்டி தண்டிக்கும் அதிகாரம். வெள்ளையர் ஆட்சியில் கிஸ்தி வசூலுக்குப் பொறுப்பான கலெக்டரே ஜில்லா மாஜிஸ்திரேட்டாகவும் விளங்கினார். அவருக்குக் கீழிருந்த வருவாய்த் துறை அதிகாரிகள் பலரும் மாஜிஸ்திரேட்டு அதிகாரத்துடன் இருந்தனர். வரி கேட்பவரும், குற்றம் சாட்டுகிற போலீசுக்கு மேலே இருப்பவரும், தீர்ப்புச் சொல்பவரும் ஒரே வரிசையில் நின்றால் குடியானவன் எந்த வாசலில் போய் முறையிடுவான்? நீதித் துறையை நிர்வாகத்திலிருந்து பிரிக்க வேண்டுமென்று 50ஆம் ஷரத்து அறிவுறுத்தியது. நம் மாநிலம் 1950களிலேயே இப்பணியில் இறங்கியது. நாடு முழுவதற்குமான மாற்றம் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வாயிலாக, 1974 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

இனி மூன்றாவது பெட்டிக்கு வருவோம். சட்டம் செய்யும் அதிகாரம் அது. இங்கே சற்று நிதானமாக நிற்க விரும்புகிறோம். கடிவாளம் எவ்வாறு நழுவுகிறது, யார் அதைத் திரும்பப் பிடிக்கிறார்கள் என்பதை இதுபோல் தெளிவாகக் காட்டும் வரலாறு வேறொன்று நம் நினைவுக்கு வரவில்லை.

சட்டசபை ஆண்டு முழுவதும் கூடியிருப்பதில்லை. கூடாத காலத்தில் திடீரென ஒரு சட்டம் தேவைப்பட்டால் என்ன செய்வது? அதற்காக 213ஆம் ஷரத்து கவர்னருக்கு அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரத்தை அளித்திருக்கிறது. கவர்னர் என்று சொன்னாலும், மந்திரிசபையின் ஆலோசனைப்படிதான் அது நடைபெறும். அதாவது, சட்டத்தை நிறைவேற்றும் கையே சட்டத்தை எழுதவும் செய்கிறது. இது ஆபத்தான வசதியாதலால் மூன்று கட்டுகள் போட்டிருக்கிறார்கள். சட்டசபை கூடியிருக்கும்போது பிறப்பிக்கக் கூடாது. உடனடியாகச் செயற்பட வேண்டிய சூழ்நிலை இருக்க வேண்டும். சட்டசபை மீண்டும் கூடியதும் அதன் முன் வைக்க வேண்டும்; கூடிய நாளிலிருந்து ஆறு வாரம் கழிந்தால் அவசரச் சட்டம் தானே உயிரிழந்துவிடும். சட்டசபையின் இரண்டு கூட்டத் தொடர்களுக்கிடையில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. ஆகவே அவசரச் சட்டத்தின் ஆயுள் எவ்வளவு நீண்டாலும் ஏழரை மாதத்தைத் தாண்டாது. அதற்குள் சட்டசபை விரும்பினால் முறையான சட்டமாக்கிக்கொள்ளலாம், விரும்பாவிடில் விட்டுவிடலாம். இது சட்டசபையின் கையெழுத்து, இரண்டாவது கையெழுத்து.

பீகார் மாநிலத்தில் நடந்தது என்ன? சட்டசபை கூடும். அவசரச் சட்டங்கள் அதன் முன் மசோதாவாக வந்து வாக்குப் பெறுவதில்லை. கூட்டத் தொடர் முடியும். ஆறு வாரக் கெடு தீர்வதற்குள் அதே அவசரச் சட்டம், அதே வாசகத்தோடு, புதிதாகப் பிறப்பிக்கப்படும். அடுத்த தொடரிலும் இதே கதை. கூட்டத் தொடர் முடிந்துவிட்டது, காலாவதியாகும் அவசரச் சட்டங்களைத் திரும்பப் பிறப்பிக்க நடவடிக்கை எடுங்கள் என்று இலாகாக்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புவதே அலுவலக வழக்கமாகிவிட்டது. 1967க்கும் 1981க்கும் இடையில் 256 அவசரச் சட்டங்கள் இவ்வாறு உயிருடன் வைக்கப்பட்டன. சில ஓராண்டு, சில பதினான்காண்டு வரை. கரும்பு வழங்குவதையும் கொள்முதல் செய்வதையும் ஒழுங்குபடுத்தும் அவசரச் சட்டம் ஒன்று ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீடித்தது. ஏழரை மாதம் என்று விதித்தது, இரண்டு ஏழரைச் சனியின் நீளத்துக்கு நெருங்கிவிட்டது! கரும்பு பயிரிட்ட அம்மாநில விவசாயி, தன் பிரதிநிதிகள் வாக்களிக்காத ஒரு விதிக்குத் தன் வாழ்நாளின் ஒரு பெரும்பகுதியில் கட்டுப்பட்டிருந்தான்.

இதில் யாரோ பெருங்கொள்ளை அடித்தார்கள் என்று எண்ண வேண்டாம். அந்த அவசரச் சட்டங்களுள் பல நல்ல நோக்கமுடையனவாகவே இருந்திருக்கலாம். காரணம் ஒன்றே ஒன்று, சௌகரியம். சட்டசபையில் மசோதாவைக் கொண்டுவந்தால் கேள்வி வரும், திருத்தம் வரும், நேரமாகும். கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. அதிகாரத்தின் எல்லைக் கற்களைக் கொடியவர்கள் பிடுங்கி எறிவதைக் காட்டிலும், நல்லவர்கள் சௌகரியத்துக்காகச் சற்றே நகர்த்தி வைப்பதே அதிகம் என்பது நம் அபிப்பிராயம். வரப்புத் தகராறுகளைத் தீர்த்து வைத்த அனுபவமுள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆண்டுக்கு ஒரு சாண் வீதம் நகர்ந்த வரப்பை யாரும் அந்தந்த ஆண்டு கவனிப்பதில்லை என்பதை நாம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வரப்பைக் கவனித்தவர் எதிர்க்கட்சித் தலைவரல்லர், பத்திரிகை ஆசிரியருமல்லர். புனாவிலுள்ள கோகலே அரசியல் பொருளாதார ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியராக இருந்த டி.சி. வாத்வா என்பவர். பீகாரின் நில உடைமை, குத்தகைச் சட்டங்களை ஆராயப் புகுந்தவர், சட்டங்களைத் தேடியபோது அவசரச் சட்டங்களையே கண்டார். அரசாங்க கெஜட்டுகளைப் புரட்டிப் புரட்டி ஒவ்வொன்றும் எந்நாளில் பிறந்தது, எத்தனை முறை மறுபிறவி எடுத்தது என்று பட்டியலிட்டார். 1983இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பின்னர் வேறு சிலருடன் சேர்ந்து சுப்ரீம் கோர்ட்டுக்கே போனார். அவர்களுள் ராஞ்சி ஜில்லாவைச் சேர்ந்த குடியானவர் ஒருவரும் உண்டு. தம் நிலத்தில் விளையும் வனப்பொருள்களை விற்பதற்கு இத்தகைய அவசரச் சட்டம் ஒன்று தடையாக நின்றது என்பது அவர் குறை.

"புனாக்காரருக்குப் பீகார் அவசரச் சட்டத்தில் என்ன பாதிப்பு? வழக்குத் தொடர அவருக்கு உரிமையில்லை" என்று வாதம் எழுந்தது. ஊர்க் கூட்டத்தில் கணக்குக் கேட்பவனை, "உனக்கு இதில் என்ன வந்தது?" என்று கேட்டு உட்கார வைப்பது போன்ற வாதம் இது. கோர்ட்டு அதை ஏற்கவில்லை. சட்டங்கள் அரசியல் சட்டம் சொன்ன முறைப்படிதான் இயற்றப்பட வேண்டும் என்று வற்புறுத்த ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமையுண்டு என்று, தலைமை நீதிபதி பி.என். பகவதி உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் 1986 டிசம்பர் 20ஆம் தேதி தீர்ப்பளித்தனர். ஒரே அவசரச் சட்டத்தைச் சட்டசபையின் முன் வைக்காமல் வழக்கமாகத் திரும்பத் திரும்பப் பிறப்பிப்பது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவதாகும் என்பது அவர்கள் முடிவு. எதிர்த்து வழக்காடிய மூன்று அவசரச் சட்டங்களில் இரண்டு அதற்குள் முறையான சட்டங்களாகிவிட்டிருந்தன. எஞ்சிய ஒன்றைக் கோர்ட்டு ரத்துச் செய்தது. உழைத்துத் தகவல் திரட்டிய பேராசிரியருக்கு 10,000 ரூபாய் வழங்கும்படியும் மாநில அரசுக்கு உத்தரவிட்டது.

கதை இத்துடன் முடிந்தது என்று சொல்ல நமக்கும் ஆசைதான். ஆனால் மூன்றே ஆண்டில், 1989 டிசம்பரில், அதே மாநிலம் 429 தனியார் சமஸ்கிருதப் பள்ளிகளை அவசரச் சட்டத்தின் மூலம் ஏற்றுக்கொண்டது. 1992 வரை அதைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்தது. சட்டசபையின் கையெழுத்து ஒருமுறையேனும் வாங்கப்படவில்லை. அரசாங்க உத்தியோகஸ்தர்களாகிவிட்டோம் என்று நம்பியிருந்த ஆசிரியர்கள், அவசரச் சட்டம் மடிந்ததும் நடுத்தெருவில் நின்றார்கள். ஏழு நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு அமர்வு இறுதித் தீர்ப்பு வழங்கியது 2017 ஜனவரி 2ஆம் தேதி. இளமையில் வழக்குத் தொடர்ந்தவர்கள் முதுமையில் முடிவைக் கண்டார்கள். கடிவாளம் தாமதமாக இழுக்கப்பட்டால் வண்டி எவ்வளவு தூரம் போய்விடுகிறது பாருங்கள்.

அப்படியானால் கோர்ட்டுதான் எல்லார்க்கும் மேலான எசமானா என்று கேட்கலாம். அல்ல. கோர்ட்டுக்குக் கஜானா இல்லை, போலீசும் இல்லை. நீதிபதிகளைப் பார்லிமெண்டு உரிய பெரும்பான்மையோடு நீக்கலாம். தீர்ப்பு சமூக நீதிக்குத் தடையாக இருப்பதாகக் கருதினால் பார்லிமெண்டு அரசியல் சட்டத்தையே திருத்தலாம். நம் மாநிலத்தின் வழக்கே இதற்குச் சான்று. சென்னை ராஜ்யத்தின் வகுப்புவாரி ஒதுக்கீட்டு உத்தரவு செல்லாதென்று 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூனிலேயே முதலாவது திருத்தம் நிறைவேறி, பின்தங்கிய வகுப்பினருக்குத் தனி ஏற்பாடுகள் செய்ய வழி திறந்துவிட்டது. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களுக்குப் பாதுகாப்பளித்ததும் அதே திருத்தந்தான். ஆனால் திருத்தும் அதிகாரத்துக்கும் ஒரு கலிங்கல் உண்டு. காசர்கோடு பக்கத்து எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்துத் தொடர்ந்த வழக்கை 13 நீதிபதிகள் 68 நாள் விசாரித்து, 1973 ஏப்ரல் 24ஆம் தேதி தீர்ப்புக் கூறினர். திருத்தலாம், ஆனால் அரசியல் சட்டத்தின் அடிப்படை அமைப்பை அழிக்கலாகாது என்று 7 பேர் சொன்னார்கள். 6 பேர் மாறுபட்டார்கள். நிலச் சீர்திருத்தம் நிலைத்தது. மடாதிபதி தாம் நாடி வந்ததைப் பெறவில்லை, நாடு பெற்றது.

எல்லாக் கட்டுகளும் ஒரே சமயத்தில் தளர்ந்த காலமும் உண்டு. 1975 ஜூன் 25ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விசாரணையின்றிச் சிறைப்பட்டவர்கள் முறையிட்டபோது, பல ஹைகோர்ட்டுகள் காது கொடுத்துக் கேட்டன. சுப்ரீம் கோர்ட்டோ 1976 ஏப்ரலில், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை அவர்கள் கோர்ட்டை நாட முடியாதென்று 4க்கு 1 என்ற கணக்கில் கூறிவிட்டது. அந்த ஒருவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. அடுத்த ஆண்டு, மூப்பில் அவருக்கு இளையவர் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னா பதவி துறந்தார். கடைசியில் கடிவாளத்தைப் பிடித்தவர்கள் வாக்காளர்கள். 1977 மார்ச்சுத் தேர்தலில் ஆட்சி மாறியது. 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை நெருக்கடியிலும் கோர்ட்டு வாயிலாக நிலைநாட்டுவதைத் தடுக்க முடியாதென்று செய்தது. நெருக்கடி நிலையை அறிவிக்க மந்திரிசபையின் முடிவு எழுத்து மூலமாக ஜனாதிபதிக்கு வரவேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததே. 1975இல் மந்திரிசபை கூடுவதற்கு முன்பே, பிரதம மந்திரியின் யோசனையை மட்டும் கொண்டு இரவோடிரவாகக் கையொப்பமாகிவிட்டது. இங்கும் தவறியது இரண்டாவது கையெழுத்துத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க வேண்டுமென்ற 40ஆம் ஷரத்து, 1948 நவம்பரில் நம் கே. சந்தானம் அவர்கள் கொண்டுவந்த திருத்தத்தினால் அரசியல் சட்டத்தில் இடம் பெற்றது. ஆயினும் அது அறிவுரையாகவே நின்றது; மாநில அரசுகள் நினைத்தால் தேர்தல், நினைக்காவிட்டால் இல்லை. 1993 ஏப்ரல் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் அதை மாற்றியது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடியுமுன் தேர்தல் நடந்தாக வேண்டும்; நடத்துவதற்குத் தனித் தேர்தல் ஆணையம்; வரிப் பங்கைப் பரிந்துரைக்கத் தனி நிதி ஆணையம். மாநில அரசின் கைக்கும் கட்டுப் போட்ட விதிகள் இவை. இருந்தும் நம் மாநிலத்தில் 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய ஊரகத் தேர்தல், வழக்குகளும் தாமதங்களும் சேர்ந்து, 2019 டிசம்பரில்தான் நடைபெற்றது. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். இடைக்காலத்தில் தனி அதிகாரிகள் பஞ்சாயத்துகளை நடத்தினார்கள். தெருவிளக்குகள் எரிந்திருக்கலாம், குழாயில் தண்ணீரும் வந்திருக்கலாம். ஆனால் செலவைப் பற்றிக் கேள்வி கேட்க மன்றத்தில் உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை.

பஞ்சாயத்துத் தலைவரைக் கலெக்டர் நீக்கலாமே, அது மட்டும் நியாயமா என்று சில தலைவர்கள் கேட்பதுண்டு. நீக்கும் அதிகாரம் 205ஆம் பிரிவில் இருப்பது உண்மை. ஆனால் அந்த அதிகாரமும் கட்டுண்டது. குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் திருப்தியாக இல்லையெனில் தாசில்தார் மூலம் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தை அறிய வேண்டும். இந்தப் படிகளுள் ஒன்றைத் தாண்டிக் குதித்தால் ஹைகோர்ட்டில் ரிட் மனுவுக்கு இடமுண்டு. தலைவர்களே, உங்களைக் காக்கும் அந்தக் கூட்டத்தில் வாக்கு உடையவர்கள் உறுப்பினர்கள். மற்ற நாட்களில் அவர்கள் கேள்வி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள்.

முன்பு குறிப்பிட்ட பெரியவருக்கு இன்னும் நாம் முழுப் பதில் சொல்லவில்லை. நாம் நேரில் அறிந்த ஓர் ஊரில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்கிறோம். ஊரின் பெயர் வேண்டாம். தலைவர் நல்லவர், ஓடியாடி வேலை செய்பவர். துணைத் தலைவர் ஓர் அம்மாள். பகலெல்லாம் வயல் வேலை. ஒவ்வொரு செக்குக்கும் அந்த அம்மாளைத் தேடி வயலுக்குப் போவது சிரமமாயிருந்ததால், ஒருநாள் செக்குப் புத்தகத்தில் பன்னிரண்டு தாள்களில் வெறுமையாகக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. மின்மோட்டார் பழுதுக்கு ஒரு தாள், குழாய்க்கு ஒரு தாள் என்று போனது. ஐந்தாறு மாதம் கழித்துத் தணிக்கை வந்தது. ஒரே மோட்டார் பழுதுக்கு இரண்டு முறை பணம் போயிருந்தது; ரசீது ஒன்றுதான் இருந்தது. வேலை செய்தவர் இரண்டாவது ரசீதைத் தருவதாகச் சொல்லிச் சொல்லி நாளைக் கடத்தினார். தலைவருக்கு நினைவில்லை. "உங்கள் கையெழுத்துத்தானே?" என்று அந்த அம்மாளைக் கேட்டார்கள். "என் கையெழுத்துத்தான். ஆனால் நான் பார்க்கவில்லையே" என்றார். தணிக்கைப் படிவத்தில் அந்தப் பதிலை எழுதுவதற்கு இடமில்லை. பாதிப் பணத்தைக் கட்டும்படி அவருக்கும் நோட்டீஸ் வந்தது. கறவைப் பசு ஒன்றை விற்றுக் கட்டினார்.

பீகாரின் 256 அவசரச் சட்டங்களையும் இந்தப் பன்னிரண்டு தாள்களையும் நாம் எப்போதும் சேர்த்தே எண்ணிப் பார்க்கிறோம். இரண்டு இடத்திலும் இரண்டாவது கையெழுத்து ஒழிக்கப்படவில்லை. முன்கூட்டியே வாங்கியோ, வாங்காமலே ஒத்திப் போட்டோ வெறுமையாக்கப்பட்டது. கிராம சபைக்கும் இதே நிலை வரக்கூடும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாட்களிலும் கிராம சபை கூட வேண்டும் என்று நம் மாநிலத்தில் ஏற்பாடாகியிருக்கிறது. வரவு செலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் அளிப்பது அச்சபையின் வேலை. தீர்மானப் புத்தகத்தில் முதலிலேயே கைரேகை வாங்கிவிட்டு, பிறகு வாசகத்தை நிரப்பிக்கொள்ளும் ஊர்கள் எத்தனை என்று இங்குள்ளவர்களே மனத்துக்குள் எண்ணிக்கொள்ளலாம்.

பெரியவர் இப்போது நம் எதிரில்தான் அமர்ந்திருக்கிறார். இன்னொன்றும் கேட்டார், துணைத் தலைவர் ஒவ்வொரு செக்கையும் பார்த்துத்தான் போடுவேன் என்றால் தலைவருக்குக் கோபம் வராதா? வரும். அந்த ஊரிலும் வந்தது. பசு போன பிறகு, அந்த அம்மாள் மீதமிருந்த மூன்று வெற்றுத் தாள்களைக் கேட்டு வாங்கித் தலைவர் முன்னிலையிலேயே குறுக்குக் கோடு போட்டு ரத்து என்று எழுத வைத்தார். பிறகு ஒவ்வொரு செக்கோடும் ரசீதும் தீர்மானப் புத்தகமும் சேர்ந்து வரவேண்டும் என்றார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். தீர்மான எண்ணையும் தொகையையும் விரல் வைத்துப் பார்த்து, இரண்டும் ஒத்தால் கையெழுத்திடுவார். தலைவர் ஒரு மாதம் அவரிடம் பேசவில்லை. செக்குகள் இரண்டு நாள் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. மோட்டார் பழுது பார்ப்பவர் வாய்விட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டுத் தணிக்கையில் அந்த ஊராட்சியின்மேல் எந்த ஆட்சேபணையும் எழவில்லை.